சின்னப் பிள்ளைகளுக்கு வேறு வேறு வீடுகளைக் காட்டுவது எப்படி: முன்பள்ளி ரீச்சர்மாருக்கு ஒரு முழு வழிகாட்டி

நாலு வயதிலிருந்து ஏழு வயது வரையான பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முன்பள்ளி ரீச்சராக இருக்கலாம், முதலாம் இரண்டாம் ஆண்டில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் படிப்பிப்பவராக இருக்கலாம், வீட்டில் பேரப்பிள்ளையோடு இருக்கும் அம்மம்மாவாகவும் இருக்கலாம்.

புதிதாக வருகிறவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். முதல் நாளே உலக வரைபடத்தைத் தொங்கவிட்டு, கிமோனோ உடுத்த பிள்ளை, பனி வீட்டுக்கு முன்னால் நிற்கிற பிள்ளை என்று படம் படமாகக் காட்டுவார்கள். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள், சிரிப்பார்கள், இடைவேளைக்குள் மறந்துபோவார்கள். நாலு வயதுப் பிள்ளைக்குத் தன் வீட்டில் நடப்பதுதான் உலகத்தில் எல்லா வீட்டிலும் நடப்பது. தன் வீட்டுக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது என்பதை அது முதலில் கவனிக்க வேண்டும். அதற்கு முன் வேறு வீட்டைக் காட்டினால் அது வேடிக்கையாகவோ பிழையாகவோதான் தெரியும்.

அதனால் வரிசை இதுதான்: தன் வீடு, வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளையின் வீடு, ஊரிலுள்ள மற்ற வீடுகள், அதற்குப் பிறகுதான் தூரதேசம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரமாவது கொடுங்கள்.

1. தொடங்குவதற்கு முன் வீடுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவரிடம் தனியாக நின்று நாலு விசயம் கேளுங்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பிள்ளை அவர்களை என்ன சொல்லிக் கூப்பிடும், என்ன சாப்பிடாது, வகுப்பில் எதைப் பற்றிப் பேசாமல் விடவேண்டும்.

படிவம் கொடுத்து நிரப்பச் சொல்லாதீர்கள். படிவத்தைக் கண்டதும் எல்லோரும் ‘அப்பா, அம்மா, பிள்ளைகள்’ என்று மூன்று வரி எழுதித் தந்துவிடுவார்கள், உண்மையில் அந்தப் பிள்ளைக்குத் தலைவாரிவிடுவது சித்தியாக இருக்கும். கேட்டால்தான் வரும். எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் அம்மா குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலையில் இருக்க, அம்மம்மாவோடு வளருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பா மீன் பருவத்துக்கு வேறு கரையில் வாடி (தற்காலிகக் குடிசை) போட்டிருக்கும் வீடுகள் உண்டு. யுத்தத்தில் போனவர்கள், 2004 டிசம்பர் கடலில் போனவர்கள் என்று, பிள்ளை பிறக்க முன்னமே இல்லாமல் போனவர்களின் படம் சுவரில் தொங்கும் வீடுகளும் உண்டு. அந்தப் படத்தைப் பற்றிப் பிள்ளைக்கு எவ்வளவு சொல்லியிருக்கிறார்கள் என்று தெரியாமல் நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது.

கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி அலுமாரியில் பூட்டி வையுங்கள். மற்ற ரீச்சர்மாரோடு தேத்தண்ணி குடிக்கும்போது பேசுகிற விசயம் இல்லை இது.

இன்னொரு வேலையும் இதே நேரத்தில் முடிய வேண்டும். என்ன செய்யப்போகிறீர்கள் என்று பெற்றோருக்கு முதலே சொல்லிவிடுங்கள். ‘சமயம் படிப்பிக்கப் போவதில்லை, ஒவ்வொரு வீட்டிலும் யார் சமைக்கிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள், எங்கே படுக்கிறார்கள் என்றுதான் பார்க்கப் போகிறோம்’ என்று இந்த அளவில் சொன்னால் போதும். சொல்லாமல் விட்டால், பிள்ளை வீட்டுக்குப் போய் அரைகுறையாக எதையாவது சொல்லும், அடுத்த நாள் காலையில் ஒரு தகப்பன் கோபத்தோடு வாசலில் நிற்பார். அவரிலும் பிழை சொல்ல முடியாது.

2. சேர்த்து வைக்க வேண்டியவை

அதிகம் இல்லை. கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, சோகி ஒரு வாளி. பிரிஸ்டல் போட். கிரேயோன், அதில் மண்ணிறத்தில் பல வகை இருக்கட்டும், ‘தோல் நிறம்’ என்று ஒரே ஒரு ரோஸ் நிறத்தைக் கொடுத்தால் பிள்ளைகள் அம்மாவை ரோஸ் நிறத்தில் தீட்டிவிட்டுத் தங்கள் கையைப் பார்ப்பார்கள். மூடியுள்ள சின்ன டப்பாக்கள் கொஞ்சம்.

கடையில் விற்கிற ‘எனது குடும்பம்’ சுவர்ப்படம் வேண்டாம். அப்பா பேப்பரோடு கதிரையில், அம்மா அடுப்படியில், அண்ணனும் தங்கச்சியும் பந்தோடு. அந்தப் படத்தில் இல்லாத பிள்ளை உங்கள் வகுப்பில் நிச்சயம் இருக்கும், அது தன் வீட்டில் ஏதோ குறை என்று நினைக்கும்.

3. முதல் வாரம்: சிப்பிக் குடும்பம்

குடும்ப மரம் வரையச் சொல்வதுதான் எல்லோரும் செய்வது. மரத்தில் அப்பாவுக்கு ஒரு பெட்டி, அம்மாவுக்கு ஒரு பெட்டி என்று முதலே இடம் வைத்திருக்கும், ஆள் இல்லாவிட்டால் பெட்டி வெறுமையாக நிற்கும். சிப்பியில் வெறும் பெட்டி கிடையாது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் கொடுங்கள். தாள்தான் வீடு. ‘நேற்று இரவு உங்கட வீட்டில யார் யார் சாப்பிட்டது? ஒவ்வொருத்தருக்கும் ஒரு சிப்பி எடுத்து வையுங்கோ’ என்று சொல்லுங்கள். ‘உங்கட குடும்பத்தில யார் யார்’ என்று கேட்காதீர்கள். குடும்பம் என்பது இந்த வயதுக்குப் பிடிபடாத சொல், நேற்று இராச் சாப்பாடு கண்ணால் பார்த்தது.

பிறகு பிள்ளைகள் சிப்பியைத் தொட்டுத் தொட்டுச் சொல்லட்டும். அவசரப்படுத்தாதீர்கள், திருத்தவும் வேண்டாம். பூனைக்கும் ஒரு சிப்பி வைத்தால் வைக்கட்டும்.

ஒரு பிள்ளை மூன்று சிப்பியைத் தாளுக்குள் வைத்துவிட்டு, பெரிய சோகி ஒன்றைத் தேடியெடுத்துத் தாளுக்கு வெளியே, மேசை விளிம்பில் வைத்தது. அது யார் என்று கேட்டேன். ‘உம்மா. அவ போனுக்குள்ள இருந்து சாப்பிட்டவ’ என்றது. இராச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ கோல் எடுப்பார்கள் போல. பக்கத்தில் இருந்த பிள்ளை உடனே தன் தாளுக்கு வெளியிலும் ஒரு சிப்பி வைத்தது, கனடாவில் இருக்கும் மாமாவுக்காம். இப்படி ஒன்று நடந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். தூரத்தில் இருக்கிறவர்களும் வீட்டு ஆட்கள்தான் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள், நீங்கள் விளக்கவுரை சொல்லத் தேவையில்லை.

கடைசியில் எல்லாத் தாள்களையும் வரிசையாகத் தரையில் வைத்துச் சுற்றி நடந்து பார்க்க விடுங்கள். எந்த வீட்டில் ஆட்கள் கூட, எந்த வீட்டில் குறைய என்று எண்ணுவார்கள். எண்ணட்டும். கூட இருந்தால் நல்லது என்று மட்டும் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது.

4. இரண்டாம் வாரம்: ஒரு நாளில் என்ன நடக்கிறது

ஆட்களை முடித்த பிறகுதான் வேலைகளுக்கு வர வேண்டும். யார் முதலில் எழும்புவது? உங்களுக்குத் தலை இழுத்துவிடுவது யார்? பாயிலா கட்டிலிலா படுக்கிறீர்கள், பக்கத்தில் யார்? காலையில் பாணா, புட்டா, இடியப்பமா? ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டால் மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு எல்லோரும் முன்னால் சொன்னவரின் பதிலையே சொல்வார்கள்.

இங்கே உங்கள் வசனம்தான் முக்கியம். ‘முஸ்லிம் ஆட்கள் இப்படிச் சாப்பிடுவார்கள், தமிழ் ஆட்கள் அப்படிச் சாப்பிடுவார்கள்’ என்று தொடங்கினால் பாடம் அங்கேயே கெட்டுவிட்டது. ‘சில வீடுகளில் எல்லோரும் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி இருந்து சாப்பிடுவார்கள், சில வீடுகளில் ஆளுக்கொரு கோப்பை’ என்று சொல்லுங்கள். காரணம், முஸ்லிம் ஆட்கள் கூடுதலாக இருக்கும் கிண்ணியாவிலும் மூதூரிலும்கூட எல்லா வீட்டிலும் எல்லா நாளும் சஹனில் சாப்பிடுவதில்லை, கலியாண வீட்டில்தான் பல பிள்ளைகள் அதைக் கண்டிருப்பார்கள். இனத்தின் பெயரைச் சொல்லி ஒரு பழக்கத்தை ஒட்டிவிட்டால், அந்தப் பழக்கம் இல்லாத வீட்டுப் பிள்ளை ‘நான் அப்பிடிச் செய்யிறேல்லையே’ என்று குழம்பும். மற்றப் பிள்ளைகள் அதை வைத்தே ஆளைப் பிரிக்கப் பழகுவார்கள்.

ஒரு பிள்ளையைப் பிடித்து ‘நீ சொல்லு, உங்கட ஆக்கள் எப்படிச் செய்வினம்’ என்று கேட்பதும் இதே பிழைதான். ஐந்து வயதுப் பிள்ளை தன் வீட்டுக்கு மட்டுமே பதில் சொல்லும்.

5. முறைப்பெயர்களை எழுதி ஒட்டுங்கள்

இதைச் சுருக்கமாகச் செய்யலாம், ஆனால் விடக்கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் கூப்பிடுகிற பெயர்களை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அப்பா, வாப்பா, அம்மா, உம்மா, அம்மம்மா, அப்பம்மா, உம்மம்மா, மாமி, சாச்சி, காக்கா, சிங்கள வீட்டு ஆச்சி, சீயா, மல்லி, நங்கி, எல்லாம்.

பிள்ளை சொன்னபடியே எழுதுங்கள். ‘தாத்தா’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அப்பாவின் அப்பா என்று நீங்களாக முடிவு செய்யவேண்டாம். சிங்கள வீட்டில் அது அப்பா, பல முஸ்லிம் வீடுகளில் அக்கா. யாரென்று கேட்டு, அட்டையில் பக்கத்திலேயே ஆளைக் கீறச் சொல்லுங்கள். பிள்ளையின் சொல்லைத் திருத்தினால் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு வீட்டுக் கதை சொல்லாது.

6. மூன்றாம் வாரம்: ஊருக்குள் இருக்கும் வீடுகள்

இப்போதுதான் ஆட்களை வகுப்புக்குக் கூப்பிடும் கட்டம். ஒரு உம்மம்மா, ஒரு ஆச்சி, ஒரு அம்மப்பா. பேச்சு நிகழ்த்தச் சொல்லாதீர்கள். கையால் ஒரு வேலை செய்துகாட்டச் சொல்லுங்கள்: பன்பாய் இழைப்பது, வலை பொத்துவது, கொக்கிஸ் பலகாரத்து அச்சை மாவில் தோய்ப்பது, இடியப்ப உரலில் பிழிவது. சின்னப் பிள்ளைகளுக்குக் காது அவ்வளவு நேரம் நிற்காது, கை அசைந்தால் கண் நிற்கும். அடுப்பும் கொதி எண்ணெயும் வேண்டாம், அச்சைத் தொட்டுப் பார்த்தாலே போதும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள்.

வந்தவரிடம் பிள்ளைகள் கேட்க ஒரே ஒரு கேள்வியை முதல் நாளே பழக்கி வையுங்கள்: ‘நீங்க சின்னப் பிள்ளையா இருக்கேக்க உங்களுக்கு இதை யார் பழக்கினது?’ இந்தக் கேள்விக்கு எந்த வீட்டு ஆளும் ஒரு தாயையோ பாட்டியையோ மாமாவையோதான் சொல்வார். கேட்கிற பிள்ளைக்கு அவர் தன் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிடுவார்.

திருகோணமலை என்றால் மூன்று இனம் என்று நிறுத்திவிடுவது வழக்கம். பறங்கியர் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன, நத்தாருக்கு லவ் கேக் செய்கிற பாட்டிமார் இருக்கிறார்கள். மூதூர், வெருகல் பக்கம் தமிழ் பேசுகிற கடலோர வேடர் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்கள் மீன்பிடிக்கிறார்கள், காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள். வேடர் என்றதும் வில்லும் அம்பும் பிடித்த படத்தைக் கொண்டுவந்துவிடாதீர்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளை உங்கள் வகுப்பில் சீருடையோடு இருக்கலாம்.

இந்த வாரத்தில் கட்டாயம் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்களோடு ஒரே வீட்டிலோ ஒரே வளவிலோ இருப்பது அம்மாவின் அம்மாவா, அப்பாவின் அம்மாவா? கிழக்கில் தமிழ் வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் மகளுக்கு வீடு கட்டிக்கொடுத்து மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பது வழக்கம் என்பதால், கூடுதலான கை அம்மாவின் அம்மாவுக்கு உயரும். கலியாணம் முடித்த பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது சிங்களக் குடும்பங்களில் கூடுதல், அங்கேயும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிற முறை இருக்கிறது. ஏன், எதற்கு என்ற விளக்கம் பிள்ளைகளுக்குத் தேவையில்லை. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பது வீட்டுக்கு வீடு வேறு என்று தெரிந்தால் சரி. அடுத்த வாரத்துக்கு இது வேண்டும்.

7. நாலாம் வாரம்: தூரத்து வீடுகள்

நாடு நாடாகப் போகாதீர்கள். பிள்ளைகள் முந்திய மூன்று வாரத்தில் சொன்ன ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதே விசயம் வேறொரு இடத்தில் எப்படி நடக்கிறது என்று காட்டுங்கள். அப்போது தூரத்து ஆள் விநோதமாகத் தெரியமாட்டார். நான் வழக்கமாக எடுப்பவை இவை, எல்லாம் வேண்டாம், இரண்டு போதும்.

சாப்பாடு. எத்தியோப்பியாவில் தெஃப் என்ற சின்னத் தானியத்தின் மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டு இஞ்செரா சுடுவார்கள். தோசை மா புளிப்பதைப் பார்த்த பிள்ளைக்கு இது உடனே விளங்கும். பெரிய தட்டில் விரித்து, மேலே கறிகளை வைத்து, எல்லோரும் சுற்றி இருந்து கையால் பிய்த்துச் சாப்பிடுவார்கள். அன்பாக ஒருவர் ஒரு வாய் எடுத்து மற்றவரின் வாயில் வைப்பார், அதற்கு குர்ஷா என்று பெயர். குழைத்த சோற்றை உருட்டி ஊட்டுகிற அம்மம்மா இருக்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ‘எங்கட வீட்டிலயும்’ என்று கத்துவார்கள்.

வீடு. இந்தோனேசியாவில் மேற்குச் சுமாத்திராவில் மினாங்கபாவு என்ற மக்கள் இருக்கிறார்கள், முஸ்லிம்கள். அவர்களுடைய பழைய பெரிய வீடுகளின் கூரை எருமைக் கொம்பு மாதிரி இரு பக்கமும் மேலே வளைந்து நிற்கும். அந்த வீடும் வயலும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். போன வாரம் அம்மாவின் அம்மாவுக்குக் கை உயர்த்திய பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களிடம் இந்தக் கூரையைக் காட்டிவிட்டு அதைச் சொல்லுங்கள்.

பெயர். கானாவில் அகான் மக்கள் பிள்ளை பிறந்த கிழமையைப் பார்த்து ஒரு பெயர் வைப்பார்கள். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் பிள்ளை கோஃபி, பெண் பிள்ளை அஃபுவா. சனிக்கிழமை என்றால் குவாமே, அமா. ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகமாக இருந்த கோஃபி அன்னான் 1938 ஏப்ரல் 8 பிறந்தவர், அது வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த கிழமையையும் முதலே பார்த்து வைத்துக்கொண்டு அன்றைக்கு முழுக்க அந்தப் பெயரில் கூப்பிடுங்கள், இதைப்போலப் பிள்ளைகள் விரும்புகிற வேலை வேறொன்றும் இல்லை. பெரிய பிள்ளைகள் என்றால் ஐஸ்லாந்தையும் சொல்லலாம். அங்கே அநேகருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, எங்களைப்போல அப்பாவின் பெயர்தான் கூட வரும். 1980 இல் ஜனாதிபதியாகத் தெரிவான விக்டிஸ் ஃபின்போகாடோட்டிரின் பெயரில் பின்பாதி ‘ஃபின்போகியின் மகள்’ என்று அர்த்தம்.

இந்த வாரத்தில் எல்லோரும் விடுகிற பிழை, ஒரு நாட்டுக்கு ஒரே படம் காட்டுவது. மொங்கோலியா என்றால் வட்டமான கம்பளிக் கூடாரம். அது உண்மைதான், கால்நடையோடு இடம் மாறுகிற குடும்பங்கள் அதில் இருக்கின்றன. ஆனால் அந்த நாட்டில் ஏறக்குறையப் பாதிப் பேர் தலைநகர் உலான்பாத்தரில் இருக்கிறார்கள், மாடிக் குடியிருப்புகளில் எத்தனையோ குடும்பங்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இலங்கை என்று சொல்லி எங்கோ ஒரு வகுப்பில் யானையின் படத்தை மட்டும் காட்டினால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

8. பண்டிகையும் சாப்பாடும் கடைசியில்

பொங்கல், நோன்புப் பெருநாள், வெசாக், நத்தார் எல்லாவற்றுக்கும் உடுப்பு உடுத்தி ஊர்வலம் விடுவதோடு பலர் இந்தப் பாடத்தை முடித்துவிடுகிறார்கள். பண்டிகை வருடத்தில் ஒரு நாள். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாத பிள்ளைக்கு அது மாறுவேடப் போட்டிதான். நாலு வாரம் முடிந்த பிறகு பண்டிகை வந்தால், ‘அண்டைக்கு உங்கட வீட்டில யார் முதல் எழும்புவினம்’ என்று கேட்கப் பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கும்.

சாப்பாடு பகிர்வதில் கவனம். மாட்டிறைச்சி சாப்பிடாத வீடு, ஹலால் பார்க்கிற வீடு, வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடுகிற வீடு, இறாலும் முட்டையும் கச்சானும் ஒத்துக்கொள்ளாத பிள்ளை எல்லாம் ஒரே வகுப்பில் இருக்கும். பழம் மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சின்ன டப்பாக்களை எடுத்து, கறுவா, ஏலக்காய், கறிவேப்பிலை, ரம்பை, பெருஞ்சீரகம் போட்டு, கண்ணை மூடி மணந்து ‘இது எங்கட குசினி மணம்’ என்று சொல்லும் விளையாட்டு வையுங்கள். பெருஞ்சீரகத்துக்கு எல்லா வீட்டுப் பிள்ளையும் கை உயர்த்தும்.

9. பிள்ளை ‘சீ’ என்றால்

சொல்லத்தான் செய்யும். ஏசாதீர்கள், ஏசினால் அடுத்த முறை மனதுக்குள் சொல்லும், உங்களுக்குத் தெரியவராது. கேட்காத மாதிரி விடவும் வேண்டாம், அந்த வீட்டுப் பிள்ளை பக்கத்தில் இருக்கிறது. ‘உமக்குப் புதுசா இருக்கு, என்ன? உம்மட வீட்டில எப்படிச் செய்யிறவை, சொல்லும்’ என்று அதன் வீட்டுக்கே திருப்புங்கள். பிறகு மற்றப் பிள்ளையிடம் ‘உங்களுக்கு அதில என்ன பிடிக்கும்?’ என்று கேளுங்கள். இரண்டு கேள்வியும் இதே வரிசையில் வரவேண்டும். மாற்றிக் கேட்டால் சொல்லு வாங்கிய பிள்ளை தன் வீட்டுக்காக வாதாடுகிற நிலைமை வந்துவிடும்.

‘இவட அப்பா எங்க?’ என்று ஒரு பிள்ளை இன்னொன்றைப் பார்த்துக் கேட்டால், பதில் சொல்வதா வேண்டாமா என்பது அந்தப் பிள்ளையின் விருப்பம். ‘அவவுக்குச் சொல்ல விருப்பம் எண்டால் சொல்லுவா’ என்று சொல்லி அடுத்த சிப்பிக்குப் போய்விடுங்கள். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், கொப்பியில் எழுதியிருந்தாலும்.

10. படங்களும், பாடம் பிடித்ததா என்று பார்ப்பதும்

சிப்பித் தாளைப் படம் எடுத்து பேஸ்புக்கிலோ பெற்றோரின் வட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள். வீட்டில் யார் இல்லை என்பதை ஊருக்குச் சொல்கிற படம் அது. தாளைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள்.

பாடம் பிடித்ததா என்று கேள்வி கேட்டு அறிய முடியாது, ‘எல்லாரும் சமம் ரீச்சர்’ என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். வீடு விளையாடும் மூலைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்து கேளுங்கள். முன்பு எல்லா விளையாட்டிலும் ஒரே அம்மாவும் ஒரே அப்பாவுமாக இருந்தது, இப்போது யாராவது உம்மம்மாவாகவும் சீயாவாகவும் வெளிநாட்டிலிருந்து போன் எடுக்கிற அம்மாவாகவும் நடிக்கிறார்களா? மற்றவர்கள் அதை விட்டுக்கொடுக்கிறார்களா? ஆம் என்றால் தூரத்து வீடுகளில் இன்னும் இரண்டை எடுக்கலாம். இல்லையென்றால் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு இரண்டாம் வாரத்துக் கேள்விகளுக்குத் திரும்புங்கள், கேள்விகளை மட்டும் மாற்றி: யார் உடுப்புத் தோய்ப்பது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருப்பது யார், இருட்டில் பயம் வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்.